இன்னும் நாலு பெண்கள்

ஒற்று விடுபட்ட சொல் ஒன்றைக் கண்டால் எனக்குக் கண்ணில் தூசி விழுந்ததுபோல இருக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கலியாணக் கார்ட்டைக்கூடப் பென்சிலோடுதான் வாசிப்பேன். அதனால், பல்கலைக்கழகத்தில் நாங்கள் மூன்று பெண்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்து உதவுவது என்று முடிவெடுத்தபோது, திருத்தும் வேலை இயல்பாகவே என்னிடம் வந்தது.

அது எண்பத்தெட்டில். ஆண்கள் தங்கள் ஆய்வுகளைப் பேராசிரியரின் அறையில் இருந்து கதைத்துச் சரிசெய்துகொள்வார்கள். எங்களுக்கு அந்த அறையில் கதிரை இல்லை. சனிக்கிழமைகளில் சுன்னாகத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுவோம். நான், என்னோடு படித்த குணலட்சுமி, எங்களுக்கு இளையவளான மார்கிரட். மார்கிரட்டுக்குக் குருநகர், தகப்பன் கடற்றொழிலாளி. அவள் வருவது எங்கள் வீட்டில் சிலருக்குப் பிடிக்கவில்லை. நான் அதெல்லாம் பார்ப்பதில்லை. எங்கள் கோப்பையிலேயே அவளுக்கும் தேத்தண்ணி கொடுத்தேன்.

கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிமாருடைய பேச்சைப் பற்றியது அவளது ஆய்வு. அந்தப் பெண்கள் ‘செத்துப்போனார்’ என்று சொல்வதில்லை. எத்தனை வருசம் போனாலும் ‘தொழிலுக்குப் போயிருக்கிறார்’ என்பார்கள். அந்த ஒரு வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் எழுதியிருந்தாள். முதல் இயலை வாசித்துவிட்டுக் குணலட்சுமி அழுதாள்.

பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். “மலர், உந்தப் பிள்ளையைக் கவனமாப் பாரும். உப்பிடி ஒண்டை நான் இவ்வளவு காலத்தில வாசிக்கேல்லை.” சொல்லிக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மேசையில் வெகுகாலமாகக் கிடந்த என் ஆய்வேட்டின்மேல் வைத்தார்.

நான் கவனமாகத்தான் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் “நல்லாயிருக்கு, ஆனா இன்னும் கொஞ்சம் வேணும்” என்பேன். அவள் முகம் கோணாமல் திரும்ப எழுதிக்கொண்டு வருவாள்.

தொண்ணூறில் சண்டை மறுபடி மூண்டது. குருநகர்ச் சனம் வெளிக்கிட்டபோது மார்கிரட்டையும் தாய் செபஸ்தியம்மாவையும் நான்தான் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். எங்கள் வீட்டில் இருந்தபடியே அவள் எழுதி முடித்தாள். அந்த நேரம் எங்கள் துறையில் ஒரு விரிவுரையாளர் இடம் காலியாக இருந்தது. எதையும் மறைக்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

“அக்கா, இனிக் குடுக்கலாமோ?” என்று கேட்டாள்.

“இன்னும் நாலு பெண்டுகளைக் கேட்டுப்போட்டுக் குடும். உது காணாது.”

“சனமெல்லாம் இடம்பெயர்ந்திட்டுது, அக்கா.”

“காலமையில சிலபேர் விட்டிட்டு வந்த வீட்டைப் பாக்கப் போகினமாம். அங்கை வைச்சுக் கேட்டாத்தான் அவையின்ரை வாயில அந்தப் பேச்சு வரும்.”

“ஓம் அக்கா. நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

குணலட்சுமி மட்டும் என்னோடு சண்டை பிடித்தாள். “உமக்கென்ன விசரோ? பொம்பர் சுத்துற நேரம் பிள்ளையை அங்கை அனுப்பிறீர்.” களத்துக்குப் போகாமல் கள ஆய்வு செய்ய முடியாது என்று நான் விளங்கப்படுத்தினேன். மார்கிரட்டுக்கு என் சைக்கிளைக் கொடுத்தேன். முன்சில்லுக்குக் காற்றும் அடித்துவிட்டேன்.

மத்தியானத்துக்கு முன்னம் பொம்பர் விமானம் வந்து குண்டு போட்டது. அவள் ஒரு வீட்டுக் குசினியில் இரண்டு பெண்களோடு கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். மூன்று பேரையும் ஒன்றாகத்தான் எடுத்தார்கள்.

“பிள்ளை ஏன் அங்கை போனது?” என்று செபஸ்தியம்மா என்னைக் கேட்டார்.

“படிப்பெண்டால் அவவுக்கு உயிர், அம்மா” என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்து, “நீங்கள் அவளுக்குக் கூடப்பிறந்தவ மாதிரி” என்று சொல்லி அழுதார். கையை இழுத்துக்கொள்வது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன்.

விரிவுரையாளர் இடம் பிறகு எனக்குக் கிடைத்தது.

மார்கிரட்டைப் பற்றி விசாரிக்க வந்த நீங்கள் நேராகக் கேட்டபடியால் நானும் நேராகச் சொல்கிறேன். அந்த ஆய்வேட்டில் எந்தக் குறையும் இருக்கவில்லை. முதல்முறை வாசித்தபோதே அது எனக்குத் தெரியும். அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டியபோது, தெற்கே, குருநகர்ப் பக்கம், பொம்பர் இரைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. நான் கூப்பிடவில்லை.

பொறாமை என்று குணலட்சுமி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். அது சரியான சொல் அல்ல. மார்கிரட் நன்றாக எழுத வேண்டும் என்று என்னைப்போல விரும்பியவர்கள் இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை.