செட் சுத்தமாகத்தான் பேசியது

இப்போதுள்ளவர்களுக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாது. எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை கிதார் அடிக்கிறார்கள். அதற்கு ரெண்டு ஆம்ப்ளிஃபயர், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பாட்டு தொடங்குமுன்பே ரெண்டும் சேர்ந்து ம்ம்ம் என்று இரையும். போதகர் பிரசங்கம் சொல்லும்போதும் இரையும். ஒருத்தனும் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கேட்டால், "அது அங்க கெடக்கட்டும் பாட்டா, உங்களுக்கு என்ன?" என்கிறான் கிதார்க்காரன்.

எனக்கு என்ன என்று அவனுக்குத் தெரியாது. இதே இரைச்சலுக்காக என்னை ஊரை விட்டுத் துரத்தப் பார்த்தார்கள்.

நான் தாசையன். அஞ்சாம் கிளாஸ் படிப்பு. பாறசாலையில் மைக் செட் வைத்திருந்தேன். போன வாரம் விமலகுமாரி டீச்சர் என்னைத் தேடி வந்தாள். லைன்மேன் பொன்னப்பனுடைய மகள். சர்ச் வெளியே கிடக்கிற பெஞ்சில் உட்கார்ந்து, நேசையன் எப்படிச் செத்தான் என்று கேட்டாள். முப்பத்தஞ்சு வருசமாக யாரும் இதை என்னிடம் ஒழுங்காகக் கேட்டதில்லை. கேட்டவர்கள் எல்லாரும் பதிலையும் அவர்களே கொண்டுவந்தார்கள். இவள் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். அதனால் சொன்னேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

அது எல்லைச் சண்டை நடந்த காலம். எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று கூட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். வெடிவைப்பு நடந்து, அதாவது போலீஸ் துப்பாக்கியால் சுட்டு, ஆட்கள் செத்து ஒரு வருசம் ஆகியிருந்தது. வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், அப்படித்தான் எல்லாரும். அதனால் எவன் எந்தப் பக்கம் என்று ஒருவனை ஒருவன் நம்பவில்லை. நானும் யாரையும் நம்பவில்லை.

தனுவச்சபுரத்தில் ஒரு கூட்டம். எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு நேசையன்தான் தலைவன். கூட்டம் பெரிசு, என்னுடைய ஒரு பெட்டி போதாது. ஆரியங்கோட்டு ராஜையாவிடம் இன்னொரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி வாங்கி, ரெண்டையும் ஒரு வயரால் இணைத்தேன். ஒன்று மேடைக்குப் பக்கத்தில், மற்றது ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாயாக்கடையில். ரெண்டு பெட்டிக்கும் தனித்தனியாக ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து, உப்புத்தண்ணீர் ஊற்றி, எர்த் கொடுத்தேன். அதுதான் முறை. ஆனால் அப்படிச் செய்தால் ரெண்டு பெட்டியும் மண் வழியாக ஒரு தொடுப்பு, இணைத்த வயர் வழியாக ஒரு தொடுப்பு என்று ஒரு சுற்று ஆகிவிடும். அந்தச் சுற்றில்தான் இரைச்சல் ஏறும். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

நேசையன் வெடிவைப்பில் செத்தவர்களுடைய பேரை ஒவ்வொன்றாக வாசித்தான். ஒரு பேரும் கேட்கவில்லை. ம்ம்ம் என்ற இரைச்சல்தான் கேட்டது. செத்த ஒரு பையனுடைய தாய் முன்வரிசையில் இருந்தாள். மகன் பேரை எப்போது சொன்னார்கள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. கூட்டம் முடிந்த பிறகும் எழும்பாமல், இனி சொல்லுவார்கள் என்று இருந்தாள்.

மறுநாள் சந்தையில் வைத்து நேசையன் என்னைப் பிடித்தான்.

"எலே தாசையா, உனக்க பெட்டிக்குள்ள வண்டு கூடு கட்டியிருக்கோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ரெண்டு பெட்டிய சேத்தா கொஞ்சம் இரையும் அண்ணே," என்றேன்.

"கொஞ்சமா? வண்டுக்க பிரசங்கம் கேக்கவா மக்கா அவ்வளவு ஆளு வந்தது? மலையாளத்தான்மாரு உனக்கு என்ன தந்தானுவ, சொல்லு. நாங்களும் தாறோம்."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம்.

அன்றிலிருந்து நான் வண்டு. என் பெண்டாட்டி தங்கபாய் வண்டுக்காரி. கிணற்றங்கரையில் அவள் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். சபையில் எங்கள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஒரு நாள் விடியற்காலை வாசல் கதவில் சாணி அப்பியிருந்தது. தங்கபாய் அதைக் கழுவிவிட்டு, "அம்பூரியில எனக்க ஆங்ஙள வீட்டுக்குப் போயிருவோம், ரப்பர் வெட்டியாவது பிழைக்கலாம்," என்றாள். ஆங்ஙள என்றால் கூடப்பிறந்தவன். அவள் அப்போது ஏழு மாசம். போவதற்கு எனக்கு மனசில்லை. போனால் காசு வாங்கித் தின்றவன் என்று நானே ஒத்துக்கொண்டது போலாகும்.

நான் நேசையனுடைய வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். இன்னொரு கூட்டம் தா என்று கேட்டேன். ரொம்ப நேரம் நிற்க வைத்தான்.

"சனியாச்ச பாறசாலையில கூட்டம் உண்டு. ரெண்டு பெட்டியும் வேணும். ரோட்டுக்கு அக்கரயிலயும் கேக்கணும். அந்த எரைச்சல் ஒரு தடவ வந்துதோ, ஞாயித்துக்கிழம நீ இந்த ஊர்ல இருக்க மாட்டே. கேட்டியா?"

கேட்டேன்.

ராஜையாவிடம் மறுபடியும் பெட்டிக்குப் போனேன். அவன் நல்லவன், உள்ளதைச் சொன்னான். "மக்கா, எரைச்சல் இந்தப் பெட்டியிலயிருந்துதான் கூடுதலாட்டு வருது. இதுக்க உள்ள கரண்டு கசியுது. எர்த் கம்பி இல்லாம தொட்டா கடிக்கும். ஒரு வாரம் பொறு, திருவனந்தபுரத்தில குடுத்து சரியாக்கித் தாறேன்."

அன்று வியாழன். எனக்கு ஒரு வாரம் இல்லை.

வெள்ளிக்கிழமை வீட்டு முற்றத்தில் ரெண்டு பெட்டியையும் வைத்துப் பார்த்தேன். ரெண்டு கம்பியும் மண்ணில் இருந்தால் முழு இரைச்சல். ராஜையா பெட்டியின் கம்பியைப் பிடுங்கினேன், பாதியானது. என் பெட்டியின் கம்பியையும் பிடுங்கினேன். நின்றுபோனது. தங்கபாயை மைக்கில் பேசச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு பல்பை எடுத்து, ஒரு வயரை மைக்கிலும் ஒரு வயரை ஈரமண்ணிலும் வைத்துப் பார்த்தேன். பல்பு எரிந்தது. முழுசாக எரியவில்லை, சிவப்பாக எரிந்தது. அதனால் எனக்குத் தைரியம் வந்தது. செருப்புப் போட்டுக்கொண்டு மைக்கைத் தொட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

ஒரு பெட்டி மட்டும் வைத்திருக்கலாமே என்று டீச்சர் கேட்டாள். வைத்திருக்கலாம். ரோட்டுக்கு அக்கரையில் நிற்கிறவனுக்குக் கேட்காது. கேட்காதவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் மழை. மூன்று மணிக்கு விட்டது. லைனிலிருந்து கரண்டு எடுத்துத் தர பொன்னப்பன் வந்தான். நெய்யாற்றின்கரைக்காரன், மலையாளத்தான், ஆனால் இந்தச் சண்டையில் அவன் எந்தப் பக்கமும் பேசி நான் கேட்டதில்லை. வேலையை ஒழுங்காகச் செய்தான். போகும்போது அவனே ஒரு பானைத் தண்ணீரைக் கொண்டுவந்து ரெண்டு கம்பிக்கும் ஊற்றினான்.

"தாசையா, எர்த்து விட்டுக் களிக்கருது, கேட்டோ," என்றான். எர்த்தில் விளையாடாதே என்று அதற்கு அர்த்தம்.

"நான் என்ன சின்னப்பிள்ளையா வேய்?" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டு போனான். அவன் வளைவு திரும்பியதும் முதலில் சாயாக்கடைக் கம்பியையும், பிறகு மேடைக் கம்பியையும் பிடுங்கி வைத்தேன்.

செட் எப்படிப் பேசியது தெரியுமா? நேசையன் செருப்புக் காலோடு வந்து, மைக்கைத் தொடாமல், எல்லாரும் இரியுங்கள் என்று சொன்னான். அக்கரையில் நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். அவ்வளவு தெளிவு. அவன் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஒரு மாசத்துக்குப் பிறகு ஒரு மனுஷன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் கூட்டம் எல்லாம் ஜெபத்தோடுதான் தொடங்கும். ஜெபத்துக்கு எழும்பினால் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். நேசையனும் கழற்றினான். மேடை என்றால் மண்ணைக் குவித்து அடித்ததுதான், மழையில் ஊறிக் கிடந்தது. செருப்பைக் கழற்றுவான் என்று தெரியாதா என்று டீச்சர் கேட்டாள். நானும் அதே சபைதான். பிறந்ததிலிருந்து கழற்றுகிறேன். தெரியும்.

அவன் குனிந்து மைக் கம்பத்தைப் பிடித்தான்.

அப்போது இரைச்சல் வந்தது.

மண்ணில் கம்பி இல்லாத இடத்தில் அவன் கம்பியாக நின்றான். அது எனக்கு உடனே புரிந்தது. எனக்கு எழுத்துதான் குறைவு, செட் தெரியும். ஆனால் கை முதலில் போனது வால்யூம் திருகுக்கு. மெதுவாகக் குறைத்தேன். இரைச்சல் அடங்கியது.

ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருப்பார்கள். அத்தனை பேரும் மூடியிருந்தார்கள். செத்தவர்களை நினைத்து மௌனமாக ஜெபிக்கிறான் என்று எண்ணியிருப்பார்கள். ஒரு குழந்தைகூட அழவில்லை. கண் திறந்திருந்தது நானும் நேசையனும் மட்டும். அவன் என்னைத்தான் பார்த்தான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கை கம்பத்தை விடவில்லை.

நான் குனிந்து எர்த் கம்பியை எடுத்து, பழைய குழியில் வைத்து, காலால் மிதித்து இறக்கினேன். வயரை அதில் சுற்றினேன். சுற்றினால் கரண்டு மண்ணுக்குப் போய்விடும், அவனை விட்டுவிடும். அதுவும் ஒரு வழிதான். விட்டது. அவன் பக்கவாட்டில் சரிந்தான். விழுந்த சத்தத்தில்தான் எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள்.

ஸ்விட்ச் எங்கே இருந்தது என்று டீச்சர் கேட்டாள். லைன்மேன் மகள், கேட்பாள்.

என் வலது கைப்பக்கம் இருந்தது. எட்டுகிற தூரம். தட்டியிருந்தால் அந்த நிமிசமே விட்டிருக்கும். ஆனால் ஸ்விட்சைத் தட்டினால் ஸ்பீக்கர் குழாய் டக்கென்று ஒரு சத்தம் போடும். எல்லாரும் திரும்புவார்கள். பிடுங்கின கம்பி வெளியே கிடப்பது தெரியும். அதனால் கம்பியை ஊன்றினேன். எவ்வளவு நேரம் என்றாள். பரமண்டல ஜெபத்தை அவசரமில்லாமல் ஒரு தடவை சொல்லி முடிக்கிற நேரம். நான் கணக்குப் பார்க்கவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் தெரியும்.

ஆட்கள் நேசையனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது சாயாக்கடைக்குப் போய் மற்றக் கம்பியையும் ஊன்றினேன். போலீஸ் வந்து பார்த்தது. ரெண்டு எர்த்தும் சரி, ஈரமும் சரி என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அதற்குள் கூட்டம் என்னைச் சுற்றிவிட்டது. "கரண்டு குடுத்தது ஆருலே?" என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்தான்.

"பொன்னப்பனாக்கும்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. மலையாளத்தான் திட்டம் போட்டுக் கொன்றான் என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிளில் போனவனைப் பிடித்தார்கள். பந்தல்காலைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். முதுகெலும்பு போய்விட்டது. வேலையும் போனது. ஏழு வருசம் படுக்கையில் கிடந்தான். கார்த்தியாயினி, அவன் பெண்டாட்டி, செங்கல் சூளையில் வேலைசெய்து பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு எங்கள் பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள். தங்கபாய்க்குக் கிணற்றங்கரையில் குடம் தூக்கிவிட்டார்கள். சங்கம் அதன் பிறகு போட்ட எல்லாக் கூட்டத்துக்கும் என் செட்தான். அப்படியிருந்தும் எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேரவில்லை. அது வேறு.

பொன்னப்பனை நான் பார்க்கப் போகவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. ஒரு தடவை போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அவன் பேச்சு குழறிப் போயிருந்தது. ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"தாசையா, எர்த்து ஊரிப் போயிருந்தோ?"

"இல்ல பொன்னப்பா. ரெண்டும் மண்ணுக்குள்ளதான் இருந்துது. போலீசே பாத்துது."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அப்போள் எனிக்குத் தெற்றி," என்றான். அப்படியானால் தப்பு தன்னுடையது என்று. அதற்குப் பிறகு உயிரோடு இருந்த நாளெல்லாம், எந்த வயரை மாற்றிக் கட்டினோம் என்று விரலால் சுவரில் கோடு போட்டுக்கொண்டே கிடந்தானாம். டீச்சர் சொன்னாள். நான் போன அன்று கட்டிலின் கால்மாட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த பிள்ளை அவள்தான். அந்தக் கேள்வியை அவள் மறக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் பேப்பரை நீட்டினாள். தமிழில்தான் எழுதியிருந்தாள், எனக்கு வாசிக்க வரவேண்டும் என்று பெரிய எழுத்தில். ரெண்டு வரி. பொன்னப்பன் பேரில் குற்றமில்லை. குற்றம் என்னுடையது. கீழே ஒப்பு போட, அதாவது கையெழுத்துப் போட, இடம்.

"அம்ம ஜீவனோட இருக்கா," என்றாள். "அவளுக்கு வாசிச்சுக் காட்டணும். வேற எங்கயும் கொண்டுபோக மாட்டேன்."

அழவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றித் தந்தாள்.

பேப்பரை நான் எப்போதும் நம்பியதில்லை. முதல் வரி இருக்கட்டும் என்றேன். ரெண்டாவது வரிக்குப் பதிலாக வேறொன்று எழுதச் சொன்னேன். அதுவும் உள்ள காரியம்தான். நான் இணைத்துக் கொடுத்த செட் அன்றைக்குச் சுத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது, நேசையன் தொட்ட பிறகுதான் அது கெட்டது, என்று எழுதட்டும், அப்போது ஒப்பு போடுகிறேன்.

அவள் எழுதவில்லை. பேனாவை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நான் எழும்பி நடந்தேன்.