மேஸ்திரி வீட்டு முட்டுகள்

தூசி படிந்த சுவரில் சீட்டு ஒட்டாது. முதலில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நிலநடுக்கத்துக்குப் பிறகு நான் ஒட்டிய சீட்டு ஒன்றுகூடத் தானாக விழுந்ததில்லை. கிழித்தார்கள்.

பச்சை என்றால் குடியிருக்கலாம். மஞ்சள் என்றால் சாமான் எடுக்க மட்டும் போகலாம். சிவப்பு என்றால் உள்ளே காலே வைக்கக் கூடாது. இதில் புரியாதது ஒன்றுமில்லை.

மேஸ்திரியின் வீடு தூண்கள் மேல் நின்றது. கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே குடித்தனம். ஒரு தூண் வெடித்துக் கம்பி தெரிந்தது. சிவப்பு ஒட்டினேன். கிழித்தார். ஐந்து முறை. பிறகு அந்தத் தூணைச் சுற்றி நான்கு இரும்பு முட்டுகளை நிறுத்தினார். திருகினால் ஏறி இறங்கும் வகை. நன்றாகவே செய்திருந்தார்.

"என்ன சார், நாப்பது நாளாச்சு. வீடு குத்துக்கல்லாட்டம் நிக்குது."

மேலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "அவர ஏங்க வம்புக்கு இழுக்கறீங்க? ஒட்டறது அவர் பொழப்பு, கிழிக்கறது நம்ம பொழப்பு."

தெருவே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

எனக்குக் கோபமில்லை. ஆனால் அடுத்த தெருவிலும் கிழித்தார்கள். கேட்டால், "மேஸ்திரி வீடு நிக்குதுல்ல?" என்றார்கள். அதற்கடுத்த தெருவிலும் அதே பதில். போலீஸ் வைத்துக் காலி செய்யச் சொல்லி மேலதிகாரிக்கு மூன்று கடிதம் எழுதினேன். "நீங்க ஒட்டுங்க, மத்தத அப்புறம் பாக்கலாம்" என்றார். விழாத அந்த ஒரு வீட்டால் எத்தனை பேர் சாவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை.

இடிபாட்டிலிருந்து எடுத்த முட்டுகளின் திருகில் புதுக் கீறல் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அது நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போனேன். மேஸ்திரி வேலைக்குப் போயிருந்தார். வெயிலில் இரும்பு சுட்டது, கையுறை போட்டுக்கொண்டேன். நான்கையும் இரண்டிரண்டு சுற்று இறக்கினேன். பார்வைக்கு வித்தியாசம் தெரியவில்லை. பின்னதிர்வு தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. அன்று இரண்டு இருபதுக்கு வந்தது. சின்னதுதான்.

மேலே ஆள் இருந்தது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். திருகும் சத்தம் கேட்டு அவள், "யாரு, சாரா? டீ போடட்டுமா?" என்றாள். "வேண்டாம்மா" என்றேன். பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் உள்ளேதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவர்களை வெளியே வரச் சொல்லியிருக்கலாம். காலி வீடு விழுந்திருந்தால் யாருக்கும் உறைத்திருக்காது.

அதன்பிறகு இந்த ஊரில் ஒரு சிவப்புச் சீட்டும் கிழியவில்லை. நானூறு குடும்பங்கள் கூடாரத்தில் பத்திரமாக இருக்கின்றன. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று மேஸ்திரி அலுவலகத்துக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தலபாடா அடிச்சுக்கிட்டீங்களே சார், நான் கேக்கலையே" என்று அழுதார்.

அவரை மன்னித்துவிட்டேன்.