மணி அடித்தாயிற்று

பழைய சாமானைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது, சார். என் கல்யாணத்துக்கு வந்த மின்விசிறி இன்னும் ஓடுகிறது. "நல்லவேளை, நான் கிழவியானாலும் வெளிய போட மாட்டீங்க" என்று மனைவி கேலி செய்வாள்.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தீவிர சிகிச்சை வார்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. எல்லாக் கட்டில்களிலிருந்தும் இதயத் துடிப்பு அதன் திரைக்கு வரும். யாருக்காவது துடிப்பு இறங்கினால் மணி அடிக்கும். கட்டில்களிலிருந்து வரும் ஒயர்கள் அந்தப் பெட்டியில் மட்டும்தான் பொருந்தும். அதிலிருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் செய்த கம்பெனியே எப்போதோ அதைக் கைகழுவிவிட்டது.

பெரிய டாக்டர் புது மென்பொருள் வாங்கினார். இந்த சிஸ்டம் ரொம்பப் பழசு என்று அது ஓட மறுத்தது. "உன்னால முடியுமா, முடியாதா?" என்றார். முடியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சிஸ்டம் புதுசுதான் என்று மென்பொருளை நம்பவைத்தேன். மணி அடிக்கும் பகுதி மட்டும் மசியவில்லை. அடி என்று மென்பொருள் சொல்லும். பழைய சிஸ்டத்துக்கு அது புரியாமல் எல்லாமே நின்றுபோகும். அதனால் நடுவில் ஒரு சின்ன ஃபைலை எழுதி வைத்தேன். மணியை அடி என்று கேட்டால், அடித்தாயிற்று என்று பதில் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. இப்போது பழைய பெட்டியையும் ஒயர்களையும் கழற்றிவிட்டுப் புதுசு மாட்ட வந்தவர் கண்டுபிடித்து, ஸ்டேஷனில் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அந்த ஃபைலைத்தான்.

மணியைப் பிறகு சரிசெய்யலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் என் தோளில் கைபோட்டு, "இவன் கை வெச்சா செத்ததும் ஓடும்" என்றார். அதற்குப் பிறகு போய் எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

வார்டு அமைதியாகிவிட்டது. ஹெட் நர்ஸ் அக்காவுக்குத்தான் சந்தேகம். "என்ன தம்பி, இப்பல்லாம் மணியே அடிக்க மாட்டேங்குது?"

"பழசு சும்மா சும்மா கத்தும்க்கா. இது புத்திசாலி. தேவைன்னாதான் கூப்பிடும்."

அக்கா சிரித்துவிட்டு, கையிலிருந்த ஆரஞ்சில் பாதியை எனக்குக் கொடுத்தார். என்னைக் கூடப்பிறந்தவனாகவே நினைத்தவர்.

அவர் கணவர் நெஞ்சுவலி என்று அதே வார்டில் வந்து சேர்ந்தார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா திரையை விட்டு நகரவே இல்லை. பார்க்கவே பாவமாக இருந்தது. "ஏதாவதுன்னா மணி அடிச்சிடும்க்கா, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றேன். மறுநாள் மத்தியானம் அக்கா திரைக்கு முதுகு காட்டி, எதிர்க் கட்டில் பெரியவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தார். திரையில் மாமாவின் கட்டம் சிவப்பாக மின்னிக்கொண்டே இருந்தது. அக்கா திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

மணி அடித்ததாகவே கம்ப்யூட்டர் சாதித்தது. அடித்தும் நர்ஸ் கவனிக்கவில்லை என்று முடிவுகட்டி அக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "மணி அடிச்சிருக்கு தம்பி. எனக்குத்தான் கேக்கல. என் காதே அவரக் கொன்னுடுச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். நடிப்பில்லை, சார், மாமாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஃபைலை மட்டும் எடுக்கவில்லை. திடீரென்று மணி அடிக்க ஆரம்பித்தால், இத்தனை நாள் ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார்களே.

அதற்காக அக்காவை அப்படியே விட்டுவிடவில்லை. காது டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். காதில் ஒரு குறையும் இல்லை என்றார் அவர். அக்கா நம்பவில்லை, நம்புங்கள் என்று நானும் சொல்லவில்லை. இருப்பதிலேயே நல்ல காது மிஷினாக வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் பார்க்கப் போயிருந்தபோது தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். பேசிக்கொண்டிருந்த அக்கா பதறி எழுந்து, மாமா படுக்கும் அறைக்கு ஓடினார்.

நல்ல மிஷின், சார். பார்த்துப் பார்த்து வாங்கியது.