மடியில் இருந்த பிள்ளை

அம்மருட் என்ற புறநகருக்குப் போகும் நிலக்கீழ் ரயிலில், களைத்துப்போன தாயும் மகளும் எனக்கு எதிரே வந்து அமர்ந்தார்கள். கேட்கக் கூடாதென்றுதான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். என் காதுக்கு மரியாதை தெரியாது.

"மாதாவுக்குப் பிள்ளை இருந்தது எண்டு என்னாலை நிரூபிக்க ஏலாமல் கிடக்கம்மா" என்றாள் மகள்.

தாய் கண்ணைத் திறக்கவில்லை. "அது உலகத்துக்கே தெரியும்தானே."

"இது எழுநூறு வருசத்து மரச்சிலை. மாஸ்டர் படிப்புக்கு இதைப் பற்றித்தான் எழுதுறன். மடியிலை இருந்த பாலன் துலைஞ்சுபோச்சுது, ஆணி அடிச்ச ஓட்டை மட்டும்தான் இருக்கு. அதிலை புத்தகமும் இருந்திருக்கலாம், ஆதாரம் கொண்டு வா எண்டு பேராசிரியர் சொல்லுறார்."

தாய் அவளுடைய டிஜிட்டல் கமராவை வாங்கி, சிலையின் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அண்ணாவை ஊரிலையிருந்து இஞ்சை கூப்பிடேக்கை குடிவரவுக் கந்தோரிலை என்னட்டையும் ஆதாரம் கேட்டவை. நீ அப்ப சின்னப்பிள்ளை. அவனை மடியிலை வச்சிருந்த படத்தைக் குடுத்தனான். அது வேறை ஆரின்ரையும் பிள்ளையா இருக்கலாம் எண்டவை."

"பிறகு?"

"பிறகென்ன, ரெண்டு பேரிட்டையும் ரத்தம் எடுத்துப் பாத்துத்தான் விட்டவை."

கமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இவவிட்டை ரத்தமும் எடுக்கேலாது. பாவம்."