ஆறு இஞ்ச் கூடுதல்

1. தேவகோட்டையில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.
2. கணவர் மடியிலிருந்த பையிலிருந்து சிவப்பு வெல்வெட் போர்வை ஒன்று தரை வரை வழிந்தது.
3. "இது நம்ம குதிரைக்குத் தச்சதா, யானைக்கா?" என்றார் அந்த அம்மா.

"அளவு சரியாத்தான் சொன்னேன். எங்க அண்ணன் குதிரைக்கு எடுத்ததுல ஆறு இஞ்ச் கூட்டித் தைக்கச் சொன்னேன்."

"நம்ம குதிரைக்கு டேப்பு வச்சுப் பாத்தீகளா?"

"எதுக்கு?"

"நெஞ்சுலருந்து வால் வரைக்கும் வச்சிருந்தா, அவுக குதிரையவிடச் சின்னதுன்னு தெரிஞ்சிருக்கும்ல?"

"மெதுவாப் பேசு."

"போட்டுப் பாத்தப்ப குதிரை கால்ல சிக்கி விழப் பாத்துச்சு, பாவம். இன்னைக்கே வெட்டிச் சின்னதாக்கிருவோம்."

"அண்ணனுக்கும் அதே டெய்லர்தான். வெட்டச் சொன்னா சாயங்காலத்துக்குள்ள சேதி அங்குட்டுப் போயிரும். அவன் சிரிக்கிறத நான் பாக்கணுமா?"

"அப்ப என்னதான் பண்ணப் போறீக?"

கணவர் போர்வையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார்.

"கொள்ளக் கூட்டிப் போடுவோம். குதிரை வளரட்டும்."

காரைக்குடியில் மூவரும் இறங்கினோம். அந்த அம்மா டெய்லர் கடைப் பக்கம் நடந்தார். கணவர் தீவனக் கடைப் பக்கம் திரும்பினார். போர்வை அவரிடம்தான் இருந்தது.