பதினாலாம் நம்பர் டியூப்

மாலை ஆறே முக்கால். சீசன் முடிந்த கடற்கரைச் சாலை... ஈ காக்கை இல்லை. லாட்ஜுகளில் எல்லாம் பூட்டு. அந்த வழியே என் சிநேகிதனின் பெரியப்பா தன் கடைக்குத் தனியாக நடந்துகொண்டிருந்தார். கிட்ட வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

ஒரு காலத்தில் உப்பு ஏற்றிய துறை அது. கப்பல் நின்றபின் சுற்றுலாக் கூட்டம்தான் பிழைப்பு. குளிக்கிறவர்களுக்குப் பெரியப்பா ரப்பர் டியூப் வாடகைக்கு விடுவார். அடமானம்? செருப்பு. சுடுமணலில் வெறுங்காலோடு எவன் டியூபைத் தூக்கிக்கொண்டு ஓடுவான்! பலே மூளை என்று ஊரே மெச்சியது.

அந்த மாலைக்கு மூன்று வருஷம் முன்பு, கூட்டம் நெரிந்த ஒரு ஞாயிறு. கடை கட்டும்போது பதினாலாம் நம்பர் டியூப் வரவில்லை. அடமானச் செருப்பை அடுக்கும் பலகையில் சின்னதாக ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு மிச்சம்.

"பிஞ்ச செருப்பக் குடுத்துட்டு டியூப அடிச்சிட்டாங்க!" என்று திட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அரை மணி கழித்து ஒருவர் ஓடி வந்தார். "அண்ணே, எம் பொண்ணு... எட்டு வயசு... சிவப்புச் செருப்பு..."

பெரியப்பா பலகையை மறைத்து நின்றுகொண்டார். "இங்க வரலையே. பஸ் ஸ்டாண்டு பக்கம் பாருங்க."

பயம்தான், வேறென்ன. ராத்திரியே செருப்பை அடுப்பில் போட்டார். தகப்பன் விடிய விடிய பஸ் ஸ்டாண்டில் தேடினார். கடலில் யாரும் தேடவில்லை. பாவம், வருஷா வருஷம் வந்து அதே கேள்வியைக் கேட்டு, போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போவார்.

முதலில் சொன்னேனே, அந்த மாலை... நடக்கும்போது பின்னால் ஈர ரப்பர் உரசும் சத்தம். கிரீச்... கிரீச்... இவர் நின்றால் அதுவும் நிற்கிறது. செருப்பு கருகும் வாடை. கடை வாசலை எட்டினால்... பதினாலாம் நம்பர் டியூப். காற்றுக் குறையாமல், சொட்டச் சொட்ட.

"மாமா, டியூப் கொண்டாந்துட்டேன். செருப்பு குடுங்க."

ஆள் இல்லை. குரல் மட்டும், இடுப்பு உயரத்திலிருந்து.

"இல்லையே கண்ணு..." மனுஷர் அழுதேவிட்டார்.

"அப்பா திட்டுவாரு மாமா."

அப்போதே தகப்பனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். விடியும் முன்னே அவர் வந்துவிட்டார். அடிப்பார் என்று பெரியப்பா தலைகுனிந்து நின்றார். அடிக்கவில்லை. டியூபை மெல்லத் தடவினார்.

"ஒரு டீ வாங்கிட்டு வாங்கண்ணே."

திரும்பி வந்தால் டியூபைக் காணோம். ஆளையும் காணோம். அடமானப் பலகையில் அவருடைய பெரிய செருப்பு, ஜோடியாக.

பெரியப்பா அதை இன்றுவரை நகர்த்தவில்லை. கடையைப் பூட்டுவதும் இல்லை. சில நாள் காலையில் பார்த்தால் செருப்பு நனைந்திருக்குமாம்... உள்ளே, குதிகால் வரை எட்டாத, சின்னப் பாதத்தின் ஈரத் தடம்.