கஞ்சி போட்ட இசைத்தட்டு

தறியில் ஓடும் பாவு நூலுக்குப் போட பச்சரிசிக் கஞ்சியை மிஞ்ச எதுவும் கிடையாது. ஆரணியில் எந்த நெசவாளியைக் கேட்டாலும் சொல்வான். இசைத்தட்டுக்கு அது ஆகாது என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று என்று ஊர் நம்புகிறது. நம்பட்டும். எழுபத்தாறு வயதில் முட்டாள் பட்டம் ஒன்றும் கனமில்லை.

பக்கவாதத்தில் பேச்சு நின்று படுத்துவிட்ட என் நண்பன் சக்கரவர்த்திக்காக, அவன் மகன் சிவகுமார் சென்னையில் தேடி வாங்கிய தட்டு அது. அமெரிக்காவில் ஐந்து பேர் அறுபது வருடத்துக்கு முன் வாசித்த ஜாஸ். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஜோடியாகக் கிளம்பும். பிறகு தனித்தனியே ஊர் சுற்றிவிட்டு, பியானோவையும் சுற்ற விட்டு, சண்டையே நடக்காத மாதிரி கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். டிரம்ஸ்காரர் சாட்சாத் தறியில் உட்கார்ந்த ஆள்தான். சேத்துப்பட்டு பஸ் தெருமுனையில் நின்று தட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போகும்.

பாட்டுப் போட ஆரம்பித்த எட்டாம் நாள் சக்கரவர்த்தியின் இடது கை விரல் தாளம் போட்டது. பதினைந்தாம் நாள் உதடு அசைந்தது. அவன் மனைவி கிருஷ்ணம்மாள் பூரித்துப் போனாள்.

"டாக்டரு பாட்டை நிறுத்தாதீங்கன்றாருண்ணா. இப்டியே கேட்டுகினு இருந்தா பத்து நாள்ல பேசிடுவாராம்."

"தட்டு கரகரன்னுதேம்மா. நூலுக்குப் போடறாப்பல கஞ்சி போட்டு, காயவச்சு எடுத்தாறேன்" என்றேன். நெசவுக்காரர் வீட்டுப் பெண். நியாயம்தானே என்று கொடுத்தாள்.

சித்திரை வெயிலில் தட்டு அப்பளமாக நெளிந்தது. சிவகுமார் திட்டவில்லை. "வுடு பெரிப்பா, உனக்கு இன்னா தெரியும்" என்று தோளைத் தட்டினான். அதே பாட்டைக் கைபேசியில் போட்டுப் பார்த்தார்கள். டிரம்ஸ் கடலை வறுக்கிற மாதிரி கேட்டது. விரல் அசையவில்லை.

சக்கரவர்த்தி பேசினால் முதலில் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். அவன் விழுந்தது என் தறிக்குப் பக்கத்தில். மறுநாள் நெசவாளர் சங்கத்தில் சேலைப் போட்டி. முந்தானைப் பூ பாதியில் இருக்கும்போது தறியை விட்டு இறங்குவது எங்கள் வழக்கமில்லை. அவனும் நெசவாளிதான், புரிந்துகொள்வான் என்று அந்தப் பூவை முடித்தேன். கால் மணி நேரம். அவன் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே கிடந்தான். பிறகு மிச்ச முந்தானையையும் முடித்தேன். மூன்று மணி நேரம். அப்புறம்தான் ஆளைக் கூப்பிட்டேன். பரிசும் வந்தது.

இப்போதும் தினமும் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். என்னைக் கண்டதும் அவன் கண்ணில் நீர் வழிகிறது. இந்த வயதில் இப்படி ஒரு நட்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?